பத்து நிமிடத்தில் தவறிய விமானம்

எங்கள் விழுப்புரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டோமே என்று யாரும் கலங்கி நான் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு எட்டு ஓடினால் கண்டக்டர் பார்த்துவிடுவார். ஒரு விசில் கொடுப்பார். பஸ் மெதுவாகும். "சீக்கிரம் ஏறும்மா, வீட்லயே இருந்திருக்கலாம்ல!" என்று ஒரு திட்டும் விழும். திட்டு வாங்கினாலும் பஸ்ஸில் ஏறியாயிற்று அல்லவா! அப்படியே போய்விட்டாலும் பத்து நிமிடத்தில் இன்னொன்று வரும்.

இந்தப் பழக்கத்திலேயே நாற்பத்து மூன்று வயது வரை வளர்ந்த நான், 2023-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் தேதி, காணும் பொங்கலன்று, சென்னை விமான நிலையத்தில் பத்து நிமிடம் தாமதமாகப் போய் நின்றேன். அன்று நடந்ததை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும். இப்போதுதான் எழுத முடிகிறது.

என் அம்மா டில்லியில் தம்பியோடு இருந்தார். அன்று காலை பாத்ரூமில் பல் விளக்கப் போனவர், "கை தூக்க முடியலடா" என்று சொல்லியபடியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. தம்பி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டான். (இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் தொங்குவது, பேச்சுக் குழறுவது – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதமாக இருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 'கொஞ்சம் படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும்' என்று விடவே கூடாது.) அம்மாவுக்கு வந்தது கட்டி இல்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ராத்திரி ஆபரேஷன் என்றார்கள். நினைவு இருந்தது, பேச்சு மட்டும் குழறிக் குழறி வந்தது.

தம்பியிடமிருந்து போன் வந்தபோது பகல் 12 மணி. ராத்திரி 8-45 விமானத்தில் எனக்கு ஒரு டிக்கெட் போட்டுவிட்டான். கடைசி நேரம் என்பதால் 11,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. அதனால் ஒருவருக்குத்தான். இவர் விமான நிலையம் வரை கொண்டு வந்து விடுவது என்று ஏற்பாடு.

விழுப்புரத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு மூன்று மணி நேரம் தாராளம். நாங்கள் மூன்று மணிக்குக் கார் ஏறினோம். 'ஆறு, ஆறரைக்குப் போய்விடுவோம், இரண்டு மணி நேரம் கையில் இருக்கும்' என்று கணக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போன மெட்ராஸ்காரர்கள் அத்தனை பேரும் அதே சாயங்காலம்தான் திரும்பி வருவார்கள் என்பது எங்கள் இருவர் மூளைக்கும் எட்டவில்லை. அம்மாவைத் தவிர வேறு எதையும் நினைக்கத் தோன்றாத மத்தியானம் அது.

செங்கல்பட்டு தாண்டி, பரனூர் டோல்கேட்டில் கார் நின்றது. பிறகு நகர்ந்தது, நின்றது. நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். சிங்கப்பெருமாள் கோவில் வரும்போதே மணி ஐந்தே முக்கால். எனக்கு வயிற்றில் அமிலம் சுரக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தம்பிக்குப் போன் செய்து, "அம்மா எப்படிடா இருக்காங்க?" என்று கேட்டுக் கேட்டே போனில் சார்ஜைத் தீர்த்துக்கொண்டிருந்தேன். கார் ஓட்டி வந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவன்தான் சொன்னான்: "அக்கா, இப்படியே போனா ஒம்போது மணி ஆயிடும். கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்ல இறக்கி விடறேன். எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறுங்க. திரிசூலத்துல இறங்கி ரோட்டைத் தாண்டினா ஏர்போர்ட்தான்."

அவன் நல்லாயிருக்க வேண்டும். அந்த யோசனை வராமல் போயிருந்தால் நான் பத்து நிமிடமல்ல, ஒன்றரை மணி நேரம் தாமதமாகியிருப்பேன்.

ஏழு மணி ரயில். நிற்கக்கூட இடமில்லை. ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறார்களே தவிர இறங்குவாரில்லை. என் பெரிய பெட்டி எல்லார் காலையும் இடித்தது. டில்லிக் குளிருக்கு ஸ்வெட்டர், போர்வை, எத்தனை நாள் தங்க வேண்டி வருமோ என்று பத்துப் புடவை, போதாததற்கு அம்மாவுக்குப் பிடிக்குமே என்று நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில். ஆபரேஷனுக்குப் போகிறவர் ஊறுகாயா சாப்பிடப் போகிறார்? ஆனாலும் எடுத்து வைத்தேன். அந்த மத்தியானம் கை தானாகச் செய்த வேலை அது.

திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதைப் படியில் இவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓட, வாசலுக்கு வந்தோம். அங்கே சி.ஐ.எஸ்.எஃப். காவலர் டிக்கெட்டையும் ஆதாரையும் பார்க்கும் வரிசை. டிக்கெட் என் செல்போனில் இருந்தது. சார்ஜ் நாலு சதவிகிதம். அதைக் காட்டி உள்ளே நுழைந்ததும் போன் அணைந்துவிட்டது. இவர் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டார்.

கவுன்ட்டரில் நிற்கும்போது மணி 7-55. விமானம் கிளம்ப இன்னும் ஐம்பது நிமிடம் முழுசாக இருக்கிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட வந்தது.

"கவுன்ட்டர் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம். செவன் ஃபார்ட்டிஃபைவ்."

கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார் அந்த மனிதர். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். நான் அம்மா, ஆபரேஷன், டிராஃபிக் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். கையைப் பிடிக்காத குறை. அப்போதும் நிமிரவில்லை.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, மேடம்."

விமானம் தவறியதைக்கூட நான் மறந்துவிடுவேன், இந்த வாக்கியத்தை மறக்க முடியவில்லை. 'முடியாது' என்று சொல்லட்டும், அது அவர் வேலை. நான் பொய் சொல்கிறேன் என்றல்லவா அர்த்தம் ஆகிறது? எங்கிருந்துதான் எனக்குக் குரல் வந்ததோ, கத்திவிட்டேன். "உங்க அம்மாவுக்கு இப்படி வந்தா நீங்க..." என்றெல்லாம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு வெளியே இவர் என்ன நடக்கிறது என்று புரியாமல் கையை ஆட்டுகிறார்.

அப்போது பக்கத்துக் கவுன்ட்டரிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். "நீங்க இப்படி வாங்கம்மா" என்று பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு ஓரத்துக்குக் கூட்டிப் போனாள். அவள் கேட்ட முதல் கேள்வி: "அம்மா இப்ப எந்த ஆஸ்பத்திரில இருக்காங்க? யார் கூட இருக்காங்க?"

அது போதும் போல இருந்தது எனக்கு. நான் சொன்னதை ஒருத்தி நம்பிவிட்டாள்.

கையில் இருந்த வாக்கி டாக்கியில் யாரிடமோ பேசினாள். "ஒன் பேக்ஸ், மெடிக்கல் எமர்ஜென்சி" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பதில் வந்தது. இன்னொரு தரம் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "முடியலம்மா. கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். இனிமே என்ன செய்யலாம்னு பார்க்கலாம்."

என் போன் செத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த பிளக்கில் செருகித் தன் சார்ஜரைப் போட்டாள். தன் போனிலிருந்து தம்பியைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அதை எடுத்துக்கொண்டு மேலதிகாரியைப் பார்க்கப் போனாள். கால் மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்து, மறுநாள் காலை 6-05 விமானத்தில் இடம் போட்டுவிட்டதாகவும், புது டிக்கெட் வேண்டாம், மாற்றுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும் என்றும் சொன்னாள். வழக்கமாக இப்படித் தவறவிட்டால் டிக்கெட் பணம் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விடும்.

அந்த நேரத்தில்தான், சுமார் 8-35 இருக்கும், தம்பியிடமிருந்து என் போனுக்குக் கூப்பிடு வந்தது. "அக்கா, ஒம்போது மணிக்கு தியேட்டருக்குள்ள கொண்டு போறாங்க. அம்மா உன்கிட்ட பேசணுமாம்."

அம்மாவின் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல் இருந்தது. "எங்க இருக்க?" என்றார். "ஏர்போர்ட்டுல இருக்கேன்மா, வந்துட்டே இருக்கேன்" என்றேன். தவறவிட்டதைச் சொல்லவில்லை. "ஓடாத. மெதுவா வா. சாப்ட்டியா?" என்றார். "சாப்ட்டேன்மா" என்றேன். மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவ்வளவுதான் பேச்சு. இரண்டு நிமிடம்கூட இருக்காது.

அந்தப் பெண் கொஞ்சம் தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

இவரை ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு ராத்திரி முழுக்க அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பத்து மணிக்கு வேலை முடிந்தது. போகும் முன் ராத்திரி வேலைக்கு வந்தவரிடம் என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, அவர்கள் சாப்பிடும் கேன்டீனிலிருந்து ஒரு டீயும் இரண்டு பன்னும் வாங்கி வந்து வைத்தாள். "சாப்ட்டேன்னு அம்மாகிட்ட சொன்னீங்கல்ல" என்றாள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

காலை 6-05 விமானம் எப்போது கிளம்பியது தெரியுமா? 8-20-க்கு. டில்லியில் மூடுபனி. ஜனவரி மாதத்தில் அங்கே அது வழக்கம்தான், யார் பேரிலும் குற்றமில்லை. ஆனாலும் அந்த இரண்டேகால் மணி நேரமும் ஒலிபெருக்கியில் "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று வந்துகொண்டே இருந்ததைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நாம் பத்து நிமிடம் தாமதித்தால் பணம் போச்சு. அவர்கள் இரண்டேகால் மணி தாமதித்தால் ஒரு வருத்தம் போதும்! விதியும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஐந்து மணி நேரம் வரை பறக்கும் விமானமாக இருந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால்தான் நமக்குச் சாப்பாடு, காபி கொடுக்க வேண்டும். அதைவிடக் குறைந்த தூரமென்றால் இரண்டு மணி நேரம். பனி, புயல் போன்றவற்றுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி. ஆபரேஷன் முடிந்து அம்மா வென்டிலேட்டரில் இருந்தார். கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள், 20-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, போய்விட்டார்.

அன்று அந்த 8-45 விமானத்தைப் பிடித்திருந்தால்? பல ராத்திரி இதையே யோசித்திருக்கிறேன். பிடித்திருந்தால், தம்பி கூப்பிட்ட நேரத்தில் நான் சீட்டில் உட்கார்ந்து போனை அணைத்திருப்பேன். அணைக்க வேண்டியதே இல்லை, அது முன்பே அணைந்து போயிருந்தது. டில்லியில் இறங்கும்போது பதினொன்றே முக்கால். அம்மா தியேட்டருக்குள் போய் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். அந்த "சாப்ட்டியா" எனக்குக் கிடைத்திருக்காது. இது என்னை நானே தேற்றிக்கொள்ளச் சொல்லும் சமாதானமோ என்னவோ, தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பியபின் எங்கள் எதிர்வீட்டு அக்காவின் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவன் பெங்களூர் விமான நிலையத்தில் தரைப்பணியில் இருக்கிறான். "ஐம்பது நிமிஷம் இருக்கும்போது ஒரு பொம்பளையை ஏத்திக்கிட்டா என்னடா குறைஞ்சு போகும்?" என்று கேட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான்.

"அத்தை, கவுன்ட்டரை மூடினதும் எங்களுக்கு வேலை முடியறதில்ல, அப்பதான் ஆரம்பிக்குது. எத்தனை பேர், எத்தனை பெட்டி, எவ்வளவு எடை, எந்தப் பக்கம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு பைலட்டுக்குக் கொடுக்கணும். பெட்டியெல்லாம் எக்ஸ்ரே பார்த்து, வண்டியில ஏத்தி, விமானத்து வயித்துல அடுக்கணும். ஒருத்தர் கூடினாலும் குறைஞ்சாலும் அந்தக் கணக்கைத் திருத்தணும்."

பெட்டியை ஏற்றியவர் விமானத்தில் ஏறாவிட்டால் அந்தப் பெட்டியைத் தேடிக் கீழே இறக்கிவிட்டுத்தான் கிளம்புவார்களாம். 1985 ஜூன் 23-ஆம் தேதி 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் இறந்தார்களே, அதில் வெடிகுண்டுப் பெட்டி மட்டும் ஏறியது, பெட்டிக்காரன் ஏறவில்லை. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் இதைக் கண்டிப்பாக்கிவிட்டார்கள்.

அதோடு, ஒரே விமானம் ஒரு நாளைக்கு ஐந்தாறு ஊர் போகிறது. மதியம் இங்கே பத்து நிமிடம் நின்றால் ராத்திரி வேறு ஊரில் அது ஒரு மணி நேரமாகிவிடும். பைலட்டுக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று சட்டம் இருக்கிறது. அதைத் தாண்டினால் அவர் ஓட்ட முடியாது. அந்த ராத்திரி விமானத்தில் தன் அம்மாவைப் பார்க்கப் போகிற இன்னொருத்தி உட்கார்ந்திருக்கலாமே என்றான் அவன். எனக்குப் பேச்சு வரவில்லை.

பிறகு அவன் கேட்டதுதான் சுருக்கென்று தைத்தது. "வெப் செக்-இன் பண்ணியிருந்தீங்களா அத்தை?"

இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தம்பி ஆஸ்பத்திரியில் அலைந்துகொண்டிருந்தான், அவனுக்கும் தோன்றவில்லை. செல்போனிலேயே முன்கூட்டிப் பதிவு செய்து போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு, ஏழு கிலோவுக்குள் ஒரு கைப்பை மட்டும் எடுத்துப் போயிருந்தால் கவுன்ட்டருக்கே போக வேண்டாம். நேரே சோதனைக்குப் போய், கிளம்ப இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது கேட்டை மூடுமுன் போனால் போதும். எனக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. ஓடிப் பிடித்திருப்பேன். பத்துப் புடவையும் ஊறுகாய் பாட்டிலும்தான் என்னை நிறுத்திவிட்டன.

அதனால் என்னைப் போல வீட்டோடு இருக்கிற சகோதரிகளுக்குச் சொல்கிறேன். அவசரமாக விமானத்தில் போக வேண்டி வந்தால், டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவரையே வெப் செக்-இன்னும் முடித்துத் தரச் சொல்லுங்கள். மாற்றுத் துணி போன இடத்தில் கிடைக்கும், பெட்டி வேண்டாம். எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பாருங்கள். சென்னையில் இப்போது உள்நாட்டு விமானத்துக்கே 1, 4 என்று இரண்டு இருக்கின்றன. போனுக்குச் சார்ஜ் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டின் நகலை ஒரு காகிதத்திலும் எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டாலும் எல்லாப் பணமும் போய்விடாது. டிக்கெட் விலையில் விமான நிலையக் கட்டணம், வரி என்று சேர்த்திருப்பார்களே, நாம் பயணமே செய்யாவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. எவ்வளவு மலிவான டிக்கெட்டாக இருந்தாலும் உண்டு. கேட்டால்தான் வரும்.

வழியில் மாட்டிக்கொண்டால் கம்பெனிக்கு அங்கிருந்தே போன் செய்யுங்கள். இது நான் செய்யாத இன்னொரு காரியம். பரனூரில் ஆரம்பித்து இரண்டு மணி நேரம் காரில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். தம்பிக்குப் பத்து தரம் பேசியவள், அவர்களுக்கு ஒரு தரம் பேசியிருக்கலாம். 6 மணிக்குச் சொல்லியிருந்தால் யாராவது ஏதாவது வழி செய்திருப்பார்களோ என்னவோ!

அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களை என் மகள் படித்துச் சொன்னாள். 2011 ஜனவரியில் ஒரு தாத்தா, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து டென்வருக்குப் போக வேண்டும். இரண்டு வயதுப் பேரனுக்கு அன்று ராத்திரி உயிர்காக்கும் கருவிகளை நிறுத்தப் போகிறார்கள். விமான நிலையத்தில் சோதனை வரிசை நீளமோ நீளம். சோதனைக்குக் கழற்றிய ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் சாக்ஸோடு அந்தப் பெரியவர் ஓடி வந்து சேரும்போது விமானம் கிளம்ப வேண்டிய நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் சவுத்வெஸ்ட் கம்பெனியின் அந்தப் பைலட் கேட் வாசலில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். 2013 ஜனவரியில் யுனைடெட் விமானத்தில் ஒருவர் சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹூஸ்டன் வழியாக லபக் என்ற ஊருக்குப் போகிறார். முதல் விமானமே தாமதம். அடுத்ததைப் பிடிக்க முடியாது என்று தெரிந்து சீட்டிலேயே அழுதுவிட்டார். பணிப்பெண்கள் விசாரித்து, காப்டனிடம் சொல்ல, அவர் முன்கூட்டியே ஹூஸ்டனுக்குத் தகவல் கொடுக்க, அங்கே அவருக்காக நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவருடைய பெட்டிகூடச் சேர்ந்து வந்துவிட்டதாம். அன்று ராத்திரி தாயைப் பார்த்துவிட்டார். விடியற்காலையில் அந்த அம்மாள் போய்விட்டாராம்.

படித்தபோது பொறாமையாக இருந்தது, ஒளிப்பானேன்! ஆனால் கவனித்தேன்: இரண்டிலும் விமானத்தின் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. தாத்தாவின் மனைவி டிக்கெட் வாங்கும்போதே நிலைமையைச் சொல்லியிருந்தார். இவர் அழுதுவிட்டார், யாரோ கேட்டார்கள். கடைசி நிமிடத்தில் ஓடி வந்து கவுன்ட்டரில் கத்தியவள் நான்தான்.

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த மனிதர் சொன்ன வாக்கியத்தையும் எழுதினேன், அந்தப் பெண் செய்ததையும் எழுதினேன். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று அச்சடித்தது போல ஒரு பதில் வந்தது. அவளுக்கு ஒரு பாராட்டுக் காகிதமாவது கொடுத்தார்களோ, அவருக்கு ஏதாவது தொந்தரவு வந்ததோ, தெரியாது. தொந்தரவு வர வேண்டும் என்று எழுதவில்லை. எழுதும்போது கொஞ்சம் அந்த ஆசை இருந்தது என்பதும் நிஜம்.

மறு வருஷம் ஜனவரியில் அம்மாவின் திதிக்காக மறுபடி டில்லிக்குக் கிளம்பினேன். இந்தத் தடவை ரயிலிலேயே வந்துவிட்டேன். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே உட்கார்ந்தாயிற்று. அந்தப் பெண்ணைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், கையில் ஒரு டப்பா அதிரசம் கொடுக்க வேண்டும் என்று கொண்டு போயிருந்தேன். விசாரித்தேன். வேலையை விட்டுப் போய்விட்டாளாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த மனிதர் இருந்தார். அதே கவுன்ட்டர்தான். ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு விமானத்துக்குக் கவுன்ட்டர் மூடியதும் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக ஓடி வந்தார்கள். ஒரு வாலிபன், "பாட்டி செத்துட்டாங்க சார்" என்று கெஞ்சினான். முடியாது என்றதும் நான் உட்கார்ந்திருந்த பக்கம் வந்து, போனில் யாரிடமோ, "பாட்டியைக் கொன்னுகூடப் பார்த்துட்டேன் மச்சான், மசியல" என்று சிரித்தான். அடுத்து வந்த ஒரு நடுத்தர வயசுக்காரி எதுவுமே சொல்லவில்லை. மூடிவிட்டது என்றதும் கவுன்ட்டர் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்த மனிதர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே வந்து, "என்ன விஷயம், சொல்லுங்க மேடம்" என்று கேட்டார். அவள் சொன்னது எனக்குக் காதில் விழவில்லை. இருவரும் மேலதிகாரி அறைப் பக்கம் போனார்கள்.

என் முறை வந்தபோது அவரே திரும்பி வந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நாத்தனாருக்கென்று கொண்டு போன பொருளெல்லாம் இருந்த பெட்டியைத் தூக்கி எடை மேடையில் வைத்தேன். அதிரச டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "வீட்டுல பண்ணினது தம்பி, எடுத்துக்கோங்க" என்றேன். வாங்கி மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, "கேட் நம்பர் ஏழு. இன்னும் நிறைய நேரம் இருக்கு மேடம், மெதுவா போங்க" என்றார்.